சென்னைக்கு வந்த விருந்தினர்கள்: ஒரு கெஸ்ட் லெக்சரால் என்ன நடக்கும்?

1914-ன் தொடக்கத்தில் எரிக் நெவில் என்ற இளைஞர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் தொடர் விரிவுரை ஆற்ற வந்தார். வயது 25. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரிக்காரர். தலைப்பு, வகையீட்டு வடிவியல். அவர் கரும்பலகையில் என்ன எழுதினார், எத்தனை பேர் வந்து கேட்டார்கள் என்றெல்லாம் இன்று யாரும் பேசுவதில்லை. பேசப்படுவது அந்தப் பயணத்தில் அவர் செய்த இன்னொரு வேலையைப் பற்றித்தான். சென்னையில் ராமானுஜன் என்றொருவர் இருக்கிறார், பேசிப் பார்த்து கேம்பிரிட்ஜுக்கு வரச் சம்மதிக்க வையுங்கள் என்று அங்கிருந்த கணிதவியலாளர் ஹார்டி அவரிடம் பொறுப்புக் கொடுத்திருந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டே அழைப்பு வந்து, ராமானுஜன் மறுத்திருந்தார். கடல் தாண்டக் கூடாது என்று குடும்பம் வைத்திருந்த தடை ஒரு பக்கம், சாப்பாடு, ஆங்கிலம், குளிர் பற்றிய தயக்கங்கள் இன்னொரு பக்கம். நெவில் ஒரு தடவை பார்த்துக் கைகுலுக்கிவிட்டுப் போகவில்லை. இருவரும் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். மூன்றாவது சந்திப்புக்குப் பிறகு, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போய் நிதானமாகப் பாருங்கள் என்று ராமானுஜன் அந்த நோட்டையே அவரிடம் கொடுத்தார். தன் வாழ்நாளில் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான் என்று நெவில் பின்னாளில் எழுதினார். வெளிநாடு போகும் பேச்சை எடுத்தபோது, ராமானுஜன் மனம் ஏற்கெனவே மாறியிருந்ததைக் கண்டு அவருக்கே ஆச்சரியம்.

அப்புறம் நடந்த காகித வேலையும் முக்கியம். ஜனவரி 28 அன்று நெவில் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமானுஜனின் மேதைமை வெளிப்பட்டிருப்பது நம் காலத்துக் கணித உலகின் மிகச் சுவாரசியமான நிகழ்ச்சியாக அமையும் என்பது அதன் சாரம். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை ஒதுக்கியது. மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பல் ஏறினார்.

கெஸ்ட் லெக்சர் என்ற ஏற்பாட்டை எடைபோட இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. விரிவுரை ஒரு காரணம், ஒரு வாசல். பலன் விளைந்தது அதற்கு வெளியே, வந்தவர் ஊரில் தங்கியிருந்த நாட்களில். ஒரே நாளில் வந்து போகிற ஆளிடம் யாரும் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தனுப்ப மாட்டார்கள்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, அதே ஊரில் இன்னொரு கதை. 1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் உலகப் பயணத்தின் நடுவே சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். அங்கே படித்துக்கொண்டிருந்த சுப்ரமணியன் சந்திரசேகருக்கு அப்போது 18 வயதுதான் இருக்கும். சோமர்ஃபெல்ட் எழுதிய அணுக் கட்டமைப்பு நூலை அவர் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தார். பேச்சு முடிந்ததும் கூட்டத்தோடு கலைந்து போகாமல், மறுநாள் விருந்தினர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்விட்டார்.

அங்கே கிடைத்தது முதலில் ஓர் அதிர்ச்சி. நீ படித்த புத்தகத்தில் இருப்பதெல்லாம் பழசாகிவிட்டது, ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் டிராக்கும் வந்து புதிய குவாண்டம் இயற்பியலால் அடித்தளத்தையே மாற்றிவிட்டார்கள் என்று புத்தகத்தை எழுதியவரே சொன்னார். சொன்னதோடு நிற்காமல், உலோகங்களில் எலக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றித் தான் எழுதியிருந்த கட்டுரையின் அச்சுப் படிவத்தையும் கையில் கொடுத்தார். எலக்ட்ரான்கள் ஆற்றல் நிலைகளில் எப்படிப் பரவியிருக்கும் என்று கணக்கிடும் ஃபெர்மி-டிராக் புள்ளியியல் அதில் இருந்தது. சந்திரசேகர் அதை வைத்துக்கொண்டு சில மாதங்களில் ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அது வெளிவந்தது. அதே ஆண்டு ஹைசன்பர்க் சென்னைக்கு வந்தபோது, அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வேலை இந்த மாணவருக்கே கிடைத்தது. 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, வெண் குறுமீன்களின், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்களின், நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று அவர் கணக்குப் போட்டதும் அதே புள்ளியியலை வைத்துத்தான். சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு நிறை. இன்று உலகமே அதைச் சந்திரசேகர் எல்லை என்கிறது. 1983-ல் நோபல் பரிசு வந்தது.

இதைச் சோமர்ஃபெல்ட் நிகழ்த்திய அற்புதம் என்று சொல்லிவிடக் கூடாது. அவர் பேச்சை அன்று மற்ற மாணவர்களும்தான் கேட்டார்கள். ஒருவர் மட்டும் முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருந்தார். அதனால் எது புதிது, எது பழசு என்று பிடித்துக்கொள்ள முடிந்தது. இன்னொரு பக்கம், வந்தவரும் அச்சில் வந்து ஆறிப்போன சரக்கைக் கொண்டுவரவில்லை. மூன்றாவதாக, பதினெட்டு வயதுப் பையன் அறைக் கதவைத் தட்டியபோது அவர் உட்காரச் சொல்லிப் பேசினார். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த நாள் கல்லூரி ஆண்டறிக்கையில் ஒரு வரியாக முடிந்திருக்கும்.

இப்போது நம் கல்லூரிகளில் சர்வதேசக் கல்வி, உலகப் பிரச்சினைகள் என்ற தலைப்பில் நடக்கும் சிறப்பு விரிவுரை ஒன்றைப் பாருங்கள். காலை பத்தரைக்கு நிகழ்ச்சி. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, விருந்தினர் அறிமுகம். அறிமுகத்தில் அவர் வாங்கிய பட்டங்கள், வெளியிட்ட கட்டுரைகள், சென்ற நாடுகள் எல்லாம் வாசிக்கப்படும். விருந்தினர் மைக்கைப் பிடிக்கும்போது மணி பதினொன்றே காலைத் தாண்டியிருக்கும். நானூறு மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பின்வரிசையில் இருப்பவர்களை அழைத்து வந்த பேராசிரியர் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார். நாற்பது நிமிடப் பேச்சு. கேள்வி நேரத்துக்கு ஐந்து நிமிடம் மிஞ்சினால் உண்டு. நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண், குரூப் போட்டோ. அந்தப் போட்டோவில் இடமும் நேரமும் பதிவாகியிருக்க வேண்டும், ஏனென்றால் அது கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) கமிட்டிக்கான ஃபைலுக்குப் போகிறது. மதியச் சாப்பாடு முதல்வர் அறையில். மாணவர்கள் அந்தப் பக்கம் போக முடியாது.

இதைச் செய்கிற ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு நிகழ்ச்சியை நடத்தி முடிப்பதற்குள் அவர்கள் படும் பாடு பெரிது. ஆனால் மேலே சொன்ன மூன்றும் உள்ளே வரவே முடியாதபடி இந்த நிகழ்ச்சிநிரல் அமைந்துவிட்டது. முன்கூட்டிப் படிக்க யாருக்கும் எதுவும் கொடுக்கப்படவில்லை. நானூறு பேர் இருக்கும் கூட்டத்தில் பேசுகிறவர் தன் ஆய்வின் கூர்மையான பகுதிக்குள் போக முடியாது, பொதுவாகத்தான் பேச வேண்டும். தனியாக உட்கார்ந்து பேசக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே மணி நேரம் சாப்பாட்டு மேசையில் போய்விடுகிறது.

சரி, வெளிநாட்டு விருந்தினர்களால் நமக்கு எப்போதும் நன்மைதானா? ராமானுஜனும் சந்திரசேகரும் போனார்கள். ராமானுஜன் 1919-ல் நோயோடு திரும்பி அடுத்த ஆண்டே இறந்தார். சந்திரசேகர் சிகாகோவிலேயே தங்கிவிட்டார். நல்ல விருந்தினர் நல்ல மாணவரைக் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடிக்கப்பட்டவர் ஊரைவிட்டுப் போகிறார். ஒரு மனிதருக்கு அது வாழ்வு. அவர் விட்டுப்போன துறைக்கு அது என்ன?

இந்தக் கேள்வியில் உடல் வலிக்க உழன்றவர் பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம். கேம்பிரிட்ஜில் பெயர் வாங்கிய பிறகு 1951-ல் லாகூருக்குத் திரும்பி ஆசிரியரானார். ஆய்வு செய்யச் சூழலில்லை, பேசுவதற்கு அந்தத் துறையில் ஆளில்லை. ஓய்வு நேரத்தில் கல்லூரிக் கால்பந்து அணியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்புதான் கிடைத்தது. 1954-ல் மனமில்லாமல் கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். தன்னைப் போல இன்னொருவர் ஊரா, இயற்பியலா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வரக் கூடாது என்பதற்காகவே 1964-ல் இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரில் பன்னாட்டு கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தொடங்கினார். ஏழை நாட்டு ஆய்வாளர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே வந்து சில வாரங்களோ மாதங்களோ தங்கி, முன்னணியில் இருப்பவர்களோடு பழகி, தன் நாட்டு வேலைக்கே திரும்பிப் போகலாம். விரிவுரையாளர் பயணம் செய்கிற பழைய ஏற்பாட்டைச் சலாம் திருப்பிப் போட்டார். கேட்பவர் பயணம் செய்வார், வேலை அவர் ஊரில் இருக்கும். உலகக் கல்வியின் ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம். அதற்கு ஒரு கட்டடமும் நிதியும் நடைமுறையும் உண்டாக்கியவர்களில் சலாமுக்கு ஈடு சொல்ல எனக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

சென்னையில் அதே காலத்தில் இன்னொரு வழி முளைத்தது. அல்லாடி ராமகிருஷ்ணன், அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன். 1957-58-ல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் இருந்தபோது அங்கே நடந்த கருத்தரங்குகளில் மனம் பறிகொடுத்தார். திரும்பி வந்ததும், மயிலாப்பூரில் இருந்த தன் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸிலேயே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தத் தொடங்கினார். இந்தியா வழியாகப் போகும் விஞ்ஞானிகளை அந்த வீட்டுக்கு அழைத்தார். கெல்மான், டாலிட்ஸ் போன்றவர்கள் வந்து பேசியிருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு மாணவர்கள், அவர்கள் செய்துகொண்டிருந்த ஆய்வு, எதிரே அந்தத் துறையின் பெரிய தலை. விருந்தினர் பேசி முடித்ததும் மாணவர்கள் தங்கள் வேலையைக் காட்டுவார்கள்.

1960 ஜனவரியில் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் நேருவின் விருந்தினராக இந்தியா வந்தவர், அந்த வீட்டுக்கும் வந்தார். இந்தியாவில் தன்னைக் கவர்ந்தவை இரண்டு என்று பிறகு பத்திரிகையாளர்களிடம் சொன்னார். பம்பாயில் ஹோமி பாபா எழுப்பியிருந்த பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்று. சென்னையில் ராமகிருஷ்ணனின் சின்ன மாணவர் குழு இன்னொன்று. அந்த வார்த்தை டெல்லி வரை போனது. அப்போது சென்னை மாநிலக் கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் முயற்சி எடுத்து, மாணவர்களை நேருவிடம் அழைத்துப் போனார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடக்க விழா நடந்தது மாநிலக் கல்லூரியில். விழாவுக்கு வந்தவர் அதே கல்லூரியில் படித்துவிட்டுப் போன சந்திரசேகர். நிறுவனம் இன்றும் தரமணியில் இயங்குகிறது.

நெவில் வந்துபோனபோது சென்னைக்குக் கிடைத்தது பெருமை. நீல்ஸ் போர் வந்துபோனபோது கிடைத்தது ஒரு நிறுவனம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் விருந்தினரிடம் இல்லை. 1960-ல் இங்கே ஏற்கெனவே ஒரு குழு வேலை செய்துகொண்டிருந்தது. விருந்தினரிடம் காட்டுவதற்கு அவர்கள் கையில் சரக்கு இருந்தது. அவர் சொன்ன நல்ல வார்த்தையை எடுத்துக்கொண்டு போய் அரசாங்கத்தின் கதவைத் தட்ட ஓர் ஆள் இருந்தார்.

இத்தகைய வருகைகளுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 1946-ல் தொடங்கிய அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டத்துக்கு முதல் பணம், போர் முடிந்து வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த ராணுவப் பொருள்களை விற்றதில் வந்தது. இந்தியாவோடு ஒப்பந்தம் 1950-ல் ஏற்பட்டது. 1951-ல் இந்தியா அமெரிக்காவிடம் வாங்கிய கோதுமைக் கடனின் வட்டியில் ஒரு பகுதியும் கல்விப் பரிமாற்றத்துக்கும் நம் பல்கலைக்கழக நூலகங்களுக்கும் திருப்பிவிடப்பட்டது. 2008-ல் போட்ட புதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு இரு நாடுகளும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன, பெயரும் ஃபுல்பிரைட்-நேரு என்று மாறியது. விருந்தினரை அனுப்புகிற நாட்டுக்கு அதில் ஒரு நோக்கம் இருக்கும். அது தப்பில்லை, தெரிந்துகொண்டு வரவேற்கலாம்.

வரவேற்கிற நாட்டுக்கும் கவலைகள் உண்டு. 2021 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் ஓர் ஆணை போட்டது. நாட்டின் பாதுகாப்பு, எல்லை, உள்விவகாரம் தொடர்பான தலைப்பில் அரசுப் பல்கலைக்கழகங்கள் இணையவழிப் பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்த வேண்டுமானால் முன் அனுமதி வாங்க வேண்டும் என்றது. எல்லை எது, உள்விவகாரம் எது என்று எந்தப் பேராசிரியரால் வரையறுக்க முடியும்? அறிவியல் கழகங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அடுத்த மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நல்ல முடிவு. நதிநீர், அகதிகள், காலநிலை, தொற்றுநோய் என்று உலகப் பிரச்சினை எதை எடுத்தாலும் அது ஏதாவதொரு நாட்டின் உள்விவகாரத்தைத் தொடாமல் இருக்காது.

இந்திய அரசு தன் காசில் நடத்தும் ஏற்பாடு கியான் திட்டம். 2015 நவம்பர் 30 அன்று காந்திநகர் ஐஐடியில் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒன்றிரண்டு வாரம் தங்கிப் பாடம் நடத்துவார். 12 முதல் 14 மணி நேர வகுப்புக்கு 8,000 டாலர் வரை, 20 முதல் 28 மணி நேரத்துக்கு 12,000 டாலர் வரை, பயணச் செலவையும் சேர்த்துத் தரப்படும். உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவர் ஒருங்கிணைப்பாளர். முடிவில் தேர்வு உண்டு, வகுப்புகள் பதிவு செய்யப்படுகின்றன. ஒரு மணி நேரப் பேச்சைவிட இது எவ்வளவோ மேல். சோமர்ஃபெல்ட் ஹோட்டலில் நடந்தது நடப்பதற்கான அவகாசம் இதில் இருக்கிறது. 2017-ல் வந்த வஜ்ரா திட்டம் ஒன்று முதல் மூன்று மாதம் தங்கி ஆய்வு செய்ய வழி வைத்தது, 2018-ல் வந்த ஸ்பார்க் கூட்டு ஆய்வுக்குப் பணம் தந்தது.

இங்கே தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஒரு நிலைமையைச் சொல்லியாக வேண்டும். நம் அரசுக் கல்லூரிகளில் பல துறைகள் கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடுகின்றன. மாதச் சம்பளம் குறைவு, வேலை நிரந்தரமில்லை. வெளிநாட்டுப் பேராசிரியர் வந்து நல்லுறவு ஏற்பட்டு, சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று அவர் கடிதம் எழுதும்போது, பதில் எழுத வேண்டியவர் அந்தக் கல்லூரியில் இருப்பாரா என்பதே சந்தேகம். விருந்தினரை வரவழைக்கும் செலவுக்கு முன்பாகத் துறையில் நிரந்தர ஆசிரியரை நியமிப்பதுதான் சர்வதேசக் கல்விக்கு நாம் செய்யக்கூடிய முதல் வேலை என்று நினைக்கிறேன்.

இன்னொரு வகை விருந்தினரும் இப்போது வருகிறார். வெளிநாட்டுக் கல்வி வாய்ப்புகள் என்ற தலைப்பில் நடக்கும் பேச்சுகளில் பெரும்பகுதி ஆள்சேர்ப்பு. பேசுகிறவர் ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவிலிருந்தோ, ஏஜென்சியிலிருந்தோ வந்திருப்பார். சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் ஏஜென்சிக்குக் கமிஷன் உண்டு. தேவை பெரிதாக இருப்பதால் இது வளர்கிறது. 2023-24-ல் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள், சீனாவைத் தாண்டிய எண்ணிக்கை. அதே நேரம், 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதும் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர்தான்.

ஆள்சேர்ப்புக்கு வருவது குற்றமில்லை. ஆனால் அதைக் கல்விச் சொற்பொழிவு என்று மேடையேற்றும்போது மாணவருக்குத் தெரிய வேண்டியவை விட்டுப்போகின்றன. ஒரே ஒரு ஆண்டில் எத்தனை மாறியது பாருங்கள். 2024 ஜனவரி முதல், பிரிட்டனில் பாடவழி முதுகலை படிக்கப் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. அதே மாதம் கனடா படிப்பு அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. வாழ்க்கைச் செலவுக்காகக் காட்ட வேண்டிய தொகையையும் 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635 ஆக உயர்த்தியது. ஜூலையில் ஆஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 710 டாலரிலிருந்து 1,600 டாலராக்கியது. வீட்டை அடமானம் வைத்து மகளை அனுப்ப நினைக்கும் ஒரு குடும்பத்துக்கு இவை ஒவ்வொன்றும் தலையெழுத்தை மாற்றுகிற விஷயம். மேடையில் இவற்றைச் சொல்லாமல் வளாகப் படங்களை மட்டும் காட்டுகிறவரிடம், உங்கள் படிப்பை முடித்த இந்திய மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துறையில் வேலை கிடைத்தது, உங்களுக்குச் சம்பளம் தருவது யார் என்ற இரண்டு கேள்விகளையாவது எழுந்து கேட்க வேண்டும். அதற்குத் துறைத்தலைவர் மாணவர்களுக்குத் துணை நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும் மாற்றக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. விருந்தினரின் ஒரு கட்டுரையை இரண்டு வாரம் முன்பே மாணவர்களிடம் கொடுத்து, ஒரு மாலை உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம். புரியாத இடங்களைத் தமிழிலேயே பேசித் தீர்க்கலாம், கேள்விகளைத் தமிழிலேயே எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஆங்கிலமாக்கலாம். ஆங்கிலம் சரளமாக வராத காரணத்தால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் நல்ல மாணவர்கள் நம் வகுப்புகளில் எத்தனையோ பேர். பொதுக்கூட்டத்தை நானூறு பேருக்கு வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. அதற்குப் பிறகு, படித்துவிட்டு வந்த பதினைந்து பேருக்கு ஒரு வகுப்பறையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கட்டும். மதியச் சாப்பாட்டையும் அவர்களோடு சாப்பிடட்டும். அந்தப் பதினைந்து பேரும் தாங்கள் செய்யும் புராஜெக்டை ஆளுக்குப் பத்து நிமிடம் விருந்தினரிடம் சொல்லட்டும். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. இணையவழியில் பேசுகிறவரிடமும் இதைக் கேட்டு வாங்கலாம், ஒரே சந்திப்புக்குப் பதில் மாதம் ஒன்றாக மூன்று சந்திப்புகள். பயணச் செலவு மிச்சமாவதால் அது எளிது.

அப்புறம், மூன்று மாதம் கழித்துத் துறையிலிருந்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். நீங்கள் சொன்னதை வைத்து எங்கள் மாணவி இதைச் செய்திருக்கிறாள், இணைத்திருக்கிறோம், பார்த்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று. அந்த மின்னஞ்சலை எழுதும் பொறுப்பு யாருக்கு என்பதை, விருந்தினருக்கு அழைப்பு அனுப்பும் நாளிலேயே முடிவு செய்துவிடலாம்.